பழைய மானிட்டரைப் புதிய கம்ப்யூட்டரோடு இணைத்தல்: முழுமையான வழிகாட்டி

சென்னை காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகே இருக்கும் ஒரு வீட்டிலிருந்து அண்மையில் என்னை அழைத்தார்கள். கல்லூரியில் முதலாண்டு படிக்கும் மகளுக்காக, உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய மினி கம்ப்யூட்டர் ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தார்கள். மானிட்டருக்கென்று தனியாகச் செலவழிக்க வேண்டாம் என்று, பரணில் கிடந்த 17 அங்குலச் சதுர மானிட்டரை இறக்கித் துடைத்து வைத்திருந்தார்கள். "கேபிளைக் கரெக்டாதான் மாட்டினேன்ணா, ஆனா நோ சிக்னல்னே வருது," என்றாள் அந்தப் பெண். அவள் மாட்டியிருந்தது, ஒரு முனையில் புதிய வகை இணைப்பான எச்டிஎம்ஐயும் மறுமுனையில் பழைய வகை இணைப்பான நீல நிற விஜிஏவும் கொண்ட சாதாரணக் கேபிள். இரண்டு முனைகளும் அந்தந்த இடத்தில் கச்சிதமாகப் பொருந்தியிருந்தன. ஆனாலும் அந்தக் கேபிளின் வழியே படம் வரவே வராது. அது ஏன் வராது என்பதைப் புரிந்துகொண்டால் இந்த வேலையில் முக்கால் பங்கு முடிந்துவிடும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிவடைந்ததால், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கங்களில் நான் வேலைக்குச் செல்லும் வீடுகளிலும் சிறு கடைகளிலும் பழைய கம்ப்யூட்டரை மாற்றியவர்கள் பலர். கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது என்பதற்காக மானிட்டருக்கும் வயதாகிவிட்டது என்று பொருளில்லை. எழுத்து தெளிவாகத் தெரிகிற, வெளிச்சம் குறையாத ஒரு மானிட்டரை, அதன் பின்னால் இருக்கும் இணைப்பு பழைய வகையைச் சேர்ந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்கிவிடுவது வீண் செலவு என்பதே என் உறுதியான கருத்து. பெரும்பாலான வீடுகளில் சில நூறு ரூபாயில், அரை மணி நேரத்தில் முடிகிற வேலை இது. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. இரண்டு பக்கத்து முனைகளையும் கண்ணால் பார்த்து எழுதிக்கொள்ளாமல் கடைக்குப் போகக் கூடாது.

மானிட்டர் உயிரோடு இருக்கிறதா

எந்தக் கேபிளையும் வாங்குவதற்கு முன், மானிட்டரைத் தனியாகச் சோதித்துவிடுங்கள். கம்ப்யூட்டரோடு எதையும் இணைக்காமல் மின்சாரத்தை மட்டும் கொடுத்து ஆன் செய்தால், "நோ சிக்னல்" என்றோ "செக் சிக்னல் கேபிள்" என்றோ ஒரு சிறு கட்டம் திரையில் வர வேண்டும். அந்தக் கட்டம் பளிச்சென்று தெரிந்தால் திரையும் உள்ளே இருக்கும் மின்சுற்றும் வேலை செய்கின்றன என்று பெரும்பாலும் நம்பலாம். சில வினாடிகளில் அது மறைந்து திரை கறுத்தால் பயப்பட வேண்டாம். சிக்னல் இல்லாததால் மானிட்டர் தூங்கப் போகிறது, அவ்வளவுதான்.

கம்ப்யூட்டரில் மாட்டிய பிறகு படம் இரண்டு வினாடி வந்து உடனே இருண்டுபோனால் கதை வேறு. அப்போது அறை விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசியின் டார்ச் வெளிச்சத்தைத் திரையின் மீது சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் திரை நன்றாக இருக்கிறது, பின்புற விளக்கோ அதற்கு மின்சாரம் கொடுக்கும் பகுதியோதான் கெட்டிருக்கிறது. எல்இடி விளக்குகள் பரவலாவதற்கு முன்பு வந்த எல்சிடி மானிட்டர்களில் மெல்லிய குழல்விளக்குகள்தான் பின்வெளிச்சம் தந்தன. அவை தேயும்போது திரை தொடக்கத்தில் சற்றுச் சிவந்து தெரிந்து, பிறகு மெல்ல வெளிச்சம் பெறும். பவர் விளக்கு விட்டுவிட்டு எரிவதும், ஆன் செய்து பல நிமிடம் கழித்தே படம் வருவதும், பவர் போர்டில் கெப்பாசிட்டர் உப்பிப்போனதற்கான அறிகுறிகளாக இருக்கலாம். இவையெல்லாம் பழுது பார்ப்பவரிடம் போக வேண்டிய குறைகள். ஒரு வகை இணைப்பை இன்னொரு வகையாக மாற்றித் தரும் எந்தக் கன்வர்ட்டரும் இவற்றைத் தீர்க்காது.

தனி அடாப்டரில் ஓடுகிற மானிட்டராக இருந்து அந்த அடாப்டர் தொலைந்துவிட்டால், முனை நுழைகிறது என்பதற்காக வீட்டில் கிடக்கும் வேறொன்றைச் சொருகிப் பார்க்க வேண்டாம். மானிட்டரின் பின்புறச் சீட்டில் எழுதியிருக்கும் வோல்ட் அளவு, நடுப்பின் கூட்டலா கழித்தலா என்கிற குறியீடு இரண்டும் அடாப்டரில் இருப்பவற்றோடு ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் மட்டும் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது.

மானிட்டரின் பின்புறம்

மானிட்டரை மெத்தென்ற போர்வையின் மீது குப்புறக் கிடத்தி, கேபிள் நுழையும் இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். நீல நிறத்தில், ஐந்து ஐந்தாக மூன்று வரிசைகளில் 15 துளைகள் கொண்டு, இருபுறமும் திருகு மாட்டும் வசதியோடு இருப்பது விஜிஏ. 1987இல் ஐபிஎம் நிறுவனம் அறிமுகப்படுத்திய இந்த இணைப்பு கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் கம்ப்யூட்டர் உலகை ஆண்டது. இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவோ, சாம்சங், எல்ஜி ஆகிய நிறுவனங்கள் 2010 டிசம்பரில் இதைப் படிப்படியாகக் கைவிடப்போவதாக அறிவித்தன. அதன் பிறகு வந்த புதிய கம்ப்யூட்டர்களிலிருந்து இது மெல்ல மெல்லக் காணாமல் போயிற்று.

வெள்ளை நிறத்தில் சற்று அகலமாக, ஒரு பக்கத்தில் தட்டையான பட்டைத் துளை கொண்டிருப்பது டிவிஐ. 1999இல் வந்த இதில் சில உட்பிரிவுகள் உண்டு. தட்டைத் துளையைச் சுற்றி நான்கு சிறிய துளைகள் இருந்தால் அது டிவிஐ-ஐ; அவை இல்லாமல் பட்டை மட்டும் இருந்தால் டிவிஐ-டி. இந்த நான்கு துளைகள் கணக்கில் வருமா என்று சிலர் கேட்கிறார்கள். கட்டாயம் வரும், விஜிஏ அனுப்புவது போன்ற பழைய வகை சிக்னல் அந்த நான்கின் வழியாகத்தான் செல்கிறது.

விஜிஏ, டிவிஐ இரண்டும் உள்ள மானிட்டர் உங்களிடம் இருந்தால் யோசிக்காமல் டிவிஐயைத் தேர்ந்தெடுங்கள். அதைத் தேர்ந்தெடுப்பதால் செலவும் குறையும், படமும் கூர்மையாக வரும். நீல முனை கண்ணுக்குப் பழகியது என்பதற்காக, பக்கத்திலேயே இருக்கும் டிவிஐயைக் கவனிக்காமல் கன்வர்ட்டர் வாங்கி மாட்டியிருப்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

கம்ப்யூட்டரின் பக்கம்

புதிய கம்ப்யூட்டரில் பெரும்பாலும் மூன்று வகைகளில் ஒன்றோ இரண்டோ இருக்கும். கீழ்ப்புறம் இருபக்கமும் குறுகிய வடிவில் இருப்பது எச்டிஎம்ஐ. ஒரே ஒரு மூலை மட்டும் வெட்டப்பட்டிருப்பது டிஸ்ப்ளேபோர்ட். நீள்வட்டமாக, எப்படித் திருப்பினாலும் நுழைவது யுஎஸ்பி-சி.

யுஎஸ்பி-சி விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். வடிவம் ஒன்றாக இருந்தாலும் எல்லா யுஎஸ்பி-சி போர்ட்களும் படத்தை அனுப்புவதில்லை. சில சார்ஜ் ஏற்ற மட்டும், சில தரவு மாற்ற மட்டும். போர்ட்டுக்குப் பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் சின்னமோ தண்டர்போல்ட்டின் மின்னல் சின்னமோ இருந்தால் படம் வரும். சின்னம் எதுவும் இல்லையென்றால், அந்த மாடலின் விவரக் குறிப்பில், யுஎஸ்பி-சி வழியே படம் அனுப்பும் வசதியான டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடாப்டர் வாங்க வேண்டும்.

கேபினெட் வைத்த டெஸ்க்டாப் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். மதர்போர்டில் ஓர் எச்டிஎம்ஐயும், அதற்குக் கீழே தனி கிராபிக்ஸ் கார்டில் இன்னோர் எச்டிஎம்ஐயும் இருக்கலாம். தனிக் கார்டு இருந்தால் அதில்தான் மாட்ட வேண்டும். இன்டெல் பிராசஸரின் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடிந்தால் அதற்குள் படம் தரும் பகுதியே கிடையாது. மதர்போர்டில் போர்ட் இருந்தாலும் அது வெறும் துளைதான். மானிட்டர், கேபிள், கன்வர்ட்டர் என மூன்றையும் மாற்றிப் பார்த்து அலுத்துப்போன ஒரு டிடிபி கடைக்காரரிடம், கேபிளை நான்கு அங்குலம் கீழே இறக்கி மாட்டியதும் படம் வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

சாதாரணக் கேபிள் ஏன் போதாது

விஜிஏ அனுப்புவது அனலாக் சிக்னல். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பி; அந்தக் கம்பியில் மின்னழுத்தம் ஏற இறங்க, நிறத்தின் அடர்த்தியும் ஏறி இறங்கும். எச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளேபோர்ட்டும் அனுப்புவது டிஜிட்டல். அதாவது ஒவ்வொரு புள்ளியின் நிறமும் எண்ணாக மாறிப் போகிறது. எண்ணை மின்னழுத்தமாக மாற்ற ஒரு சிப் வேண்டும். அந்தச் சிப் இல்லாமல் எச்டிஎம்ஐயின் பின்களை விஜிஏவின் பின்களோடு வெறும் கம்பியால் இணைத்தால், ஒருவர் எழுதி நீட்டுகிற காகிதத்தை மற்றவர் காதில் வைத்துக் கேட்க முயல்வதைப் போலத்தான் ஆகும். காசிமேட்டு வீட்டில் நடந்தது அதுவேதான். அந்த வகைக் கேபிள்கள் இன்னும் கடைகளில் விற்கப்படுகின்றன. முனைகளின் கழுத்தில் சிப் வைக்க இடமே இல்லாமல் மெலிதாக இருந்து, பொட்டலத்தில் கன்வர்ட்டர் என்ற சொல்லும் இல்லையென்றால் அதை வாங்காதீர்கள்.

உங்கள் மானிட்டரில் விஜிஏ மட்டுமே இருந்து, கம்ப்யூட்டரில் எச்டிஎம்ஐ இருந்தால், எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் கன்வர்ட்டர் வேண்டும். திசையை அழுத்திச் சொல்கிறேன். விஜிஏ-யிலிருந்து எச்டிஎம்ஐ-க்கு மாற்றுவது வேறொரு பொருள். அது பழைய கம்ப்யூட்டரைப் புதிய டிவியில் காட்டுவதற்கானது. இரண்டும் ஏறக்குறைய ஒரே தோற்றத்தில் பக்கத்துப் பக்கத்துக் கொக்கிகளில் தொங்கும். கடையில் கேட்கும்போது "எச்டிஎம்ஐ டு விஜிஏ" என்று மட்டும் சொல்லாமல், "கம்ப்யூட்டரில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் விஜிஏ" என்று முழுதாகச் சொன்னால் குழப்பம் வராது.

இந்தக் கன்வர்ட்டரின் சிப்புக்கு மின்சாரம் வேண்டும். எச்டிஎம்ஐ போர்ட்டின் 18ஆம் பின்னில் 5 வோல்ட் வருகிறது. பெரும்பாலான கன்வர்ட்டர்கள் அதிலேயே ஓடிவிடும். ஆனால் அந்தப் பின் கட்டாயம் தர வேண்டிய மின்னோட்டம் 55 மில்லிஆம்பியர் மட்டுமே. அதற்கு மேல் தராத கம்ப்யூட்டரில், அதைவிடக் கூடுதலாகக் கேட்கும் கன்வர்ட்டரை மாட்டினால், படம் வந்து வந்து போகும். ஆகவே பக்கவாட்டில் தனி மின்சாரத்துக்கான சிறு யுஎஸ்பி துளை உள்ள கன்வர்ட்டரையே நான் பரிந்துரைக்கிறேன். தேவைப்படாவிட்டால் அந்தத் துளையை அப்படியே விட்டுவிடலாம். ஒலிக்கான 3.5 மில்லிமீட்டர் துளையும் இருந்தால் மிகவும் நல்லது. காரணம் விஜிஏ வழியே ஒலி போகாது.

மானிட்டரில் டிவிஐ இருந்தால் நிம்மதி. எச்டிஎம்ஐயும் டிவிஐ-டியும் படத்தை அனுப்புவது ஒரே முறையில்தான். அதனால் சிப் எதுவும் இல்லாத சாதாரண எச்டிஎம்ஐ-டிவிஐ கேபிளே போதும், திசையும் பிரச்சினை இல்லை. ஒற்றை இணைப்பு டிவிஐ 1920×1200 புள்ளிகள் வரை 60 ஹெர்ட்ஸில், அதாவது படத்தை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் வேகத்தில், தாங்கும். பழைய மானிட்டர்களில் மிகப் பெரும்பாலானவை அந்த அளவுக்குள் அடங்கிவிடும்.

டிஸ்ப்ளேபோர்ட் மட்டும் உள்ள கம்ப்யூட்டர் என்றால், விஜிஏவுக்கு டிஸ்ப்ளேபோர்ட்-விஜிஏ கன்வர்ட்டரும், டிவிஐக்கு டிஸ்ப்ளேபோர்ட்-டிவிஐ கேபிளும் வாங்கலாம். இவையும் கம்ப்யூட்டரிலிருந்து மானிட்டருக்கு மட்டுமே வேலை செய்பவை. டிஸ்ப்ளேபோர்ட் முனையைக் கழற்றும்போது அதன் மேலிருக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டு இழுக்க வேண்டும். அழுத்தாமல் இழுத்தால் போர்ட்டே பெயர்ந்து வரக்கூடும். யுஎஸ்பி-சிக்கும் இதே போன்ற விஜிஏ, டிவிஐ, எச்டிஎம்ஐ அடாப்டர்கள் கிடைக்கின்றன.

டிவிஐ முனையில் சொருகி விஜிஏ ஆக்கும் ஒரு குட்டித் துண்டு பல வீடுகளின் டிராயரில் கிடக்கும். அதற்குள் சிப் கிடையாது. கம்ப்யூட்டரின் டிவிஐ, நான்கு சிறு துளைகள் கொண்ட டிவிஐ-ஐ வகையாக இருந்தால் மட்டுமே அது வேலை செய்யும். என்விடியாவின் 2016இல் வந்த 10 வரிசைக் கார்டுகளிலிருந்தே அந்த அனலாக் வசதி நீக்கப்பட்டுவிட்டதால், புதிய கம்ப்யூட்டருக்கு அந்தத் துண்டு உதவாது.

கடைக்குப் போகும்போது

மானிட்டரின் பின்புறத்தையும் கம்ப்யூட்டரின் பின்புறத்தையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மானிட்டரின் மாடல் எண் உள்ள சீட்டையும் ஒரு படம் எடுங்கள். அதன் இயல்பான திரை அளவைத் தெரிந்துகொள்ள அது பின்னால் உதவும். பீச் ஸ்டேஷனுக்கு எதிரே பர்மா பஜாரில் கேபிள்கள் கிடைக்கும். தேர்வு அதிகம் வேண்டுமென்றால் ரிச்சி தெருதான். திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கமிருந்து மெட்ரோவில் ஏறினால் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். எங்கு வாங்கினாலும், கடையிலேயே ஒரு திரையில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

விஜிஏ கேபிளும் பழையதாக இருந்தால் அதை ஒருமுறை உற்றுப் பாருங்கள். 15 பின்களுக்குப் பதில் 14 மட்டும் இருந்து, நடு வரிசையில் ஒன்பதாம் பின் இல்லாதிருந்தால் அது உடைந்ததல்ல; பல கேபிள்களில் அதை வைப்பதே இல்லை. ஆனால் 12ஆம் பின்னும் 15ஆம் பின்னும் இருக்க வேண்டும். "நான் இன்ன மானிட்டர், எனக்கு இன்ன அளவுகள் தெரியும்" என்று மானிட்டர் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அந்த இரண்டின் வழியாகத்தான். இடிஐடி எனப்படும் அந்த அடிப்படைத் தகவல் வெறும் 128 பைட் அளவுதான். ஆனால் அது போய்ச் சேராவிட்டால் கம்ப்யூட்டர் கண்ணைக் கட்டிக்கொண்டு 1024×768 போன்ற ஏதாவதோர் அளவில் படத்தை அனுப்பிவிடும். பின் ஏதாவது வளைந்திருந்தால், லெட் தீர்ந்த மைக்ரோடிப் பென்சிலின் நுனித் துளையை அந்தப் பின்னின் மீது நுழைத்து மெல்ல நிமிர்த்தலாம். இடுக்கி வேண்டாம், அது பின்னை ஒடித்துவிடும்.

எங்கள் பகுதிக்கே உரிய தொல்லை ஒன்று இருக்கிறது. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வீடுகளில் கடற்காற்றின் உப்பும் ஈரமும் சேர்ந்து, பல ஆண்டுகள் கழற்றாமல் கிடந்த இணைப்புகளின் உலோகத்தில் வெண்பச்சைப் பூச்சாகப் படிந்துவிடும். அந்தப் பெண்ணின் மானிட்டரில் சரியான கன்வர்ட்டரை மாட்டிய பிறகும் திரை முழுக்க மஞ்சள் படர்ந்து நின்றது. விஜிஏ முனையைக் கழற்றிப் பார்த்தால், மேல் வரிசையில் மூன்றாவது பின் மட்டும் மங்கி, அடிப்பகுதியில் உப்புத்தூள் போல ஏதோ ஒட்டியிருந்தது. மூன்றாவது பின்தான் நீலத்தைக் கொண்டுபோவது; நீலம் போகாவிட்டால் வெள்ளை மஞ்சளாகத் தெரியும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காது குடையும் பஞ்சால் துடைத்து, மானிட்டர் பக்கத்துத் துளையில் கான்டாக்ட் கிளீனரை ஒரு சொட்டளவு அடித்து, பத்து நிமிடம் காயவிட்டு, நான்கைந்து முறை மாட்டிக் கழற்றினேன். மஞ்சள் போய்விட்டது. இதைச் செய்யும்போது இரண்டு கருவிகளின் பிளக்குகளும் சுவரிலிருந்து கழற்றப்பட்டிருக்க வேண்டும். உப்புத்தாள், கத்தி இரண்டும் கூடாது. பின்னின் மேல் பூச்சு போய்விட்டால் துரு இன்னும் வேகமாக ஏறும்.

மாட்டும் முறை

முதலில் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, மானிட்டரையும் அணையுங்கள். கருவிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே எச்டிஎம்ஐயை மாட்டினாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இருந்தாலும் பழைய விஜிஏ கருவிகளை அணைத்துவிட்டு மாட்டுவதே பாதுகாப்பு. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், மூன்று பின் பிளக்கோடு சொருகுங்கள். வண்ணாரப்பேட்டையின் பழைய வீடுகள் சிலவற்றில் மூன்றாவது துளை இருக்கும், அதற்குப் பின்னால் எர்த் கம்பி இருக்காது. மானிட்டரின் உலோகப் பகுதியையோ கேபினெட்டையோ தொடும்போது விரலில் சுரீரென்று உணர்ந்தால், அல்லது திரையில் மங்கலான பட்டைகள் மெதுவாக மேலேறினால், முதலில் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிபார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு போக வேண்டும்.

கன்வர்ட்டரைக் கம்ப்யூட்டர் பக்கத்திலும், விஜிஏ கேபிளை அதிலிருந்து மானிட்டர் வரையிலும் மாட்டுங்கள். விஜிஏ முனை ஒரு பக்கம்தான் நுழையும். நுழையாவிட்டால் திருப்பிப் பாருங்கள், அழுத்தாதீர்கள். இருபுறத் திருகுகளையும் விரலாலேயே முடுக்கினால் போதும். கனமான விஜிஏ கேபிள் அந்தரத்தில் தொங்கினால் அதன் எடை முழுவதையும் சிறிய எச்டிஎம்ஐ போர்ட் தாங்க வேண்டியிருக்கும். கேபிளை மேசையின் காலோடு ஒரு டேக் போட்டுக் கட்டிவிடுங்கள்.

பிறகு மானிட்டரை முதலில் ஆன் செய்து, அதன் மெனுவிலோ சோர்ஸ் பொத்தானிலோ சரியான இணைப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரை ஆன் செய்யுங்கள். மானிட்டர் டிவிஐயில் நின்றுகொண்டு விஜிஏவில் மாட்டியிருந்தால், நாள் முழுக்கக் காத்திருந்தாலும் படம் வராது.

திரை அளவும் புதுப்பிப்பு வேகமும்

படம் வந்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். எல்சிடி திரைக்கு ஓர் இயல்பான அளவு உண்டு. அந்த அளவில் மட்டுமே எழுத்து கூர்மையாகத் தெரியும். 15 அங்குலச் சதுர மானிட்டருக்குப் பெரும்பாலும் 1024×768, 17 அங்குலச் சதுரத்துக்கு 1280×1024, 18.5 அங்குல அகலத் திரைக்கு 1366×768. 19 அங்குல அகலத் திரைக்கு 1440×900. 20 அங்குலத்துக்கு 1600×900. ஆனால் இவை பொதுவாகக் காணப்படுபவை. உங்கள் மாடலின் அளவை அந்தச் சீட்டின் எண்ணைக் கொண்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே என்று சென்று டிஸ்ப்ளே ரெசல்யூஷனில் அந்த அளவைத் தேர்ந்தெடுங்கள். அதே பக்கத்தில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்பதற்குள் புதுப்பிப்பு வேகம் இருக்கும்; அதை 60 ஹெர்ட்ஸில் வையுங்கள். மானிட்டர் 75 ஹெர்ட்ஸையும் ஏற்கலாம், ஆனால் விஜிஏ வழியே போகும் எல்சிடிக்கு 60தான் அமைதியாக இருக்கும்.

மானிட்டரால் தாங்க முடியாத அளவைக் கொடுத்துவிட்டால் "அவுட் ஆஃப் ரேஞ்ச்" என்றோ "இன்புட் நாட் சப்போர்ட்டட்" என்றோ வந்து திரை இருண்டுவிடும். எதையும் தொடாமல் 15 வினாடி பொறுத்திருங்கள். நீங்கள் உறுதிசெய்யாததால் விண்டோஸ் தானாகவே பழைய அளவுக்குத் திரும்பிவிடும். உபுண்டு போன்ற லினக்ஸிலும் இதே ஏற்பாடு டிஸ்ப்ளே அமைப்புகளுக்குள் இருக்கிறது.

லேப்டாப்பில் இணைத்திருந்தால் விண்டோஸ் கீயோடு பி (P) எழுத்தை அழுத்துங்கள். டூப்ளிகேட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு திரைகளும் ஒரே அளவில் ஓட வேண்டியிருப்பதால், ஏதாவது ஒன்று மங்கிவிடும். எக்ஸ்டெண்ட் என்பதே நல்லது. லேப்டாப்பில் பாடத்தைத் திறந்து வைத்து, பழைய சதுர மானிட்டரில் எழுதலாம். 1280×1024 திரையின் 5க்கு 4 என்ற உயரமான வடிவம் நீண்ட ஆவணங்களைப் படிக்க அகலத் திரையைவிடவும் வசதியானது என்பதை, கணக்கு எழுதும் வாடிக்கையாளர்கள் பலரும் என்னிடம் சொல்கிறார்கள்.

விஜிஏவில் கூர்மையைக் கொண்டுவருவது

பெரும்பாலானவர்கள் இந்தப் படியைச் செய்வதே இல்லை. விஜிஏ வழியே வருவது ஏறி இறங்கும் மின்னழுத்தம். அந்த அலையை எந்தக் கணத்தில் அளந்தால் ஒரு புள்ளியின் சரியான நிறம் கிடைக்கும் என்று மானிட்டர்தான் ஊகிக்க வேண்டும். ஊகம் அரைப்புள்ளி தவறினால் எழுத்துகளைச் சுற்றி நிழல் படியும், திரையில் செங்குத்தான மங்கல் பட்டைகள் தெரியும், படம் ஓரத்தில் வெட்டுப்பட்டு நிற்கும். "பழைய மானிட்டர்னா இப்படித்தான் இருக்கும்" என்று அதையே சகித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

நோட்பேடைத் திறந்து திரை முழுக்க விரித்து, சில வரிகளை எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளைப் பின்னணி நான்கு ஓரங்களையும் தொட்டு நிற்க வேண்டும். கறுப்புப் பின்னணி இருந்தால் படம் எங்கே முடிகிறது என்று மானிட்டருக்குத் தெரியாது. இப்போது மானிட்டரில் ஆட்டோ என்று எழுதிய பொத்தானை அழுத்துங்கள். சிலவற்றில் அது மெனுவுக்குள் ஆட்டோ அட்ஜஸ்ட் என்று இருக்கும். படம் இரண்டு மூன்று வினாடி ஆடி அசைந்து நின்றுவிடும். அதன் பிறகும் நிழல் இருந்தால் மெனுவில் கிளாக் என்பதை மாற்றிச் செங்குத்துப் பட்டைகளை முதலில் போக்குங்கள். பிறகு ஃபேஸ் என்பதை ஒவ்வொரு படியாக நகர்த்தி, எழுத்தின் ஓரம் மிகக் கூர்மையாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். வரிசை முக்கியம்: கிளாக் சரியாகாமல் ஃபேஸ் சரியாகாது. கடைசியாக விண்டோஸின் தேடல் பெட்டியில் கிளியர்டைப் என்று தேடித் திறந்து, அது காட்டும் மாதிரிகளில் உங்கள் கண்ணுக்குத் தெளிவானதைத் தேர்ந்தெடுங்கள்.

கன்வர்ட்டர் வழியே வரும் படத்தில் கறுப்பு சாம்பல் போல வெளுத்துத் தெரிந்தால், மானிட்டரை டிவி என்று கருதிக் கம்ப்யூட்டர் குறுகிய நிற வரம்பை அனுப்புகிறது என்று பொருள். கிராபிக்ஸ் டிரைவரின் அமைப்புகளில் நிற வரம்பை ஃபுல் என்று மாற்றினால் கறுப்பு கறுப்பாகிவிடும்.

குறை தெரிந்தால்

வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தால் நீலம் போகவில்லை. ஊதா கலந்த இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் பச்சை போகவில்லை. நீலப்பச்சையாகத் தெரிந்தால் சிவப்பு போகவில்லை. மூன்றுக்கும் முதல் வைத்தியம் முனையைக் கழற்றிச் சுத்தம் செய்து மீண்டும் மாட்டுவது. இரண்டாவது கேபிளை மாற்றுவது. எழுத்துக்கு வலப்புறம் மங்கலான இரட்டை உருவம் தெரிந்தால் கேபிள் மிக நீளமாகவோ மட்டமாகவோ இருக்கிறது. இரு முனைகளிலும் உருண்டையான ஃபெரைட் கட்டை உள்ள, தேவைக்கு மேல் நீளமில்லாத கேபிளை மாட்டுங்கள்.

சிக்னலே வரவில்லையென்றால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு பி (B) எழுத்தை அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். கன்வர்ட்டரைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு, குளிர்ந்து கிடந்தால் அதற்கு மின்சாரமே வரவில்லை என்று சந்தேகிக்கலாம், தனி யுஎஸ்பி மின்சாரம் கொடுத்துப் பாருங்கள்.

திரைப்படச் செயலிகள் சிலவற்றில் மட்டும் படம் கறுத்துப்போய் ஒலி மட்டும் வரலாம். காப்புரிமைப் பாதுகாப்புக்கான எச்டிசிபி என்ற ஏற்பாடு விஜிஏவில் கிடையாது என்பதால், அந்தச் செயலி படத்தை நிறுத்திவிடுகிறது. அது கன்வர்ட்டரின் பழுதல்ல. மானிட்டரை மாற்றாமல் தீராது.

பெட்டி போன்ற பழைய குழாய் மானிட்டரையும் இதே கன்வர்ட்டரால் ஓட்டலாம். 60 ஹெர்ட்ஸில் அது துடிப்பது கண்ணுக்குத் தெரியும் என்பதால், மானிட்டர் ஏற்றால் 75 அல்லது 85 ஹெர்ட்ஸ் வையுங்கள். அதன் மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். உள்ளே 20,000 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும்; பிளக்கைக் கழற்றிய பிறகும் அந்த மின்சாரம் தங்கி நிற்கக்கூடும்.

எல்லாம் பார்த்தும் மானிட்டர் தேறவில்லையென்றால் தெருக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், செம்புக்காக உடைப்பவரிடமும் கொடுக்காதீர்கள். குழாய் மானிட்டரின் கண்ணாடியில் ஈயமும், பழைய எல்சிடியின் குழல்விளக்கில் பாதரசமும் இருக்கின்றன. குப்பையோடு குப்பையாகப் போனால் அவை கொடுங்கையூர்க் கிடங்கில் சேர்ந்து, நம்முடைய மண்ணிலும் காற்றிலும்தான் கலக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்கள் இவற்றைப் பெற்றுக்கொள்கிறார்கள். அவர்களிடம் ஒப்படைக்கும் முன் பவர் கேபிளையும் விஜிஏ கேபிளையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வீட்டில் யாருக்காவது அவை தேவைப்படும்.